முகாமில் கிடைத்தது, கடையில் கிடைக்காதது: மதுரைச் சமவெளியில் கருத்தடையின் வரலாறு

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், திருமங்கலத்தையும் டி. கல்லுப்பட்டியையும் கடந்து மலையடிவாரத்தை நோக்கி விரியும் நிலத்தில் அமைந்துள்ள பேரையூர், ஒரு காலத்தில் பாளையமாகவும் இன்று வட்டத் தலைநகராகவும் விளங்கும் சிற்றூராகும். கருத்தடையின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாகச் சென்னையிலிருந்தோ புதுதில்லியிலிருந்தோ தொடங்குவது வழக்கமென்றாலும், அவசரகாலக் கருத்தடை மாத்திரையை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கலாமா என்ற அண்மைக் கால விவாதத்தின் உட்பொருளை இத்தகைய சிற்றூர்களின் பக்கம் நின்று பார்க்கும்போதுதான் தெளிவாக உணர முடிகிறது. பிறப்பு விகிதத்தைக் குறைப்பதில் இந்தியாவுக்கே முன்மாதிரி என்று புகழப்பட்ட தமிழ்நாட்டில், சட்டப்படி சீட்டின்றி விற்கத்தக்க ஒரு மாத்திரை மருந்துக் கடைகளில் கிடைப்பது அரிதாகிப் போனது முரணாகத் தோன்றலாம்; ஆயினும், இங்கே கருத்தடையை வழங்கும் உரிமை எப்போதும் எவர் கையில் இருந்து வந்தது என்பதை நூறாண்டுக் காலத்துக்குப் பின்னோக்கிச் சென்று காணும்போது, அந்த முரண் பெரிதும் மறைந்துவிடுகிறது.

நவீன மருந்துக் கடைகள் வருவதற்கு முன்னர் இவ்வட்டாரத்துப் பெண்கள் நாடிய இடங்கள் இரண்டு: ஒன்று ஊர் மருத்துவச்சியின் வீடு, மற்றொன்று நாட்டு மருந்துக் கடை. பேரையூர் வட்டத்தின் மேற்கெல்லையில் சாப்டூரை அடுத்து உயரும் சதுரகிரி மலை, சித்தர்கள் வாழ்ந்த மூலிகை மலையென்று போற்றப்படுவது. அம்மலைச் சாரலிலிருந்து இறங்கிய வேர்களும் பட்டைகளும் மதுரையின் மாசி வீதிகளை ஒட்டிய கடைகள் வரை சென்றன. எள்ளும் கருப்பட்டியும், பப்பாளிக்காயும், அன்னாசியும் உடலுக்குச் சூடு தந்து கருவைக் கலைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. இவற்றால் பெரும்பாலும் பயனும் இல்லை, பெருந்தீங்கும் இல்லை. எருக்கங்குச்சியைக் கருப்பைக்குள் செலுத்தும் வழக்கமோ அவ்வாறன்று. நச்சுப் பாலும் கிருமித் தொற்றும் சேர்ந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டு சென்ற கொடிய முறை அது. இளம் கைம்பெண்களே இதற்கு மிகுதியாக உள்ளாயினர் என்பதும், 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அதன் 312-ஆம் பிரிவில் கருக்கலைப்பைக் குற்றமாக்கி, கருவுற்ற பெண்ணையும் தண்டனைக்குரியவராக்கியது என்பதும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டியவை. இந்தப் பழைய வழிகள் அனைத்தும் 'நாள் தள்ளிப்போன' பிறகு, அதாவது மாதவிலக்கு தவறிக் கருத்தரித்த ஐயம் எழுந்த பின்னரே கையாளப்பட்டன. உறவுக்குப் பின், ஆனால் கருத்தரிப்பதற்கு முன், இடையில் ஓர் அவகாசம் உண்டு என்பதும் அதில் தலையிட முடியும் என்பதும் மரபு அறிவில் இடம்பெறாத செய்திகளாக இருந்தன. பிற்காலத்தில் வந்த மாத்திரையைக் கலைப்பு மருந்தென்றே மக்கள் புரிந்துகொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கருத்தடை பற்றிய பொது விவாதம் சென்னை மாகாணத்தில் வியக்கத்தக்க அளவுக்கு முன்னதாகவே தொடங்கிவிட்டது. மக்கள்தொகைப் பெருக்கமே வறுமையின் வேர் என்ற மால்தூசின் கோட்பாட்டைப் பின்பற்றியோர் 1880-களிலேயே சென்னையில் ஒரு சங்கம் கண்டனர். அதற்குச் சற்று முன்னர், 1877-இல், கருத்தடை விளக்க நூலொன்றை வெளியிட்டதற்காக லண்டனில் சார்லஸ் பிராட்லாவுடன் குற்றக் கூண்டில் நின்ற அன்னி பெசன்ட், பின்னாளில் அடையாற்றில் குடியேறிச் சென்னையின் பெரும் பொது ஆளுமையானார். ஆனால் பிரம்மஞானத்தைத் தழுவியபோதே அவர் தம் பழைய கருத்தைக் கைவிட்டிருந்ததால், அவர் மூலம் இங்கே பரவியிருக்கக்கூடிய ஓர் இயக்கம் தொடங்காமலே போயிற்று. 1928-இல் தோன்றிய சென்னை நவ மால்தூசியக் கழகம் சர் வேபா ரமேசம் போன்ற உயர்நீதிமன்ற நீதிபதிகளும் வழக்குரைஞர்களும் கூடிய, பெரிதும் மேல்சாதி ஆடவர்களின் அவையாக இருந்தது. ஆங்கிலத்தில் இதழ் நடத்திய அக்கழகம் நாட்டின் வறுமையைப் பற்றியும் ஏழைகளின் பெருக்கத்தைப் பற்றியும் கவலைப்பட்ட அளவுக்குப் பெண்களின் விருப்பத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகச் சொல்ல முடியாது.

அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியவர் பெரியார் ஈ.வெ.ரா. தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் வாதிட்ட நிலையில், பெண் விடுதலை பெற்ற மனிதராக வாழ்வதற்கே அது வேண்டும் என்று 1930-களின் தொடக்கத்திலேயே அவர் எழுதியது, உலக அளவில் நோக்கினாலும் துணிவான நிலைப்பாடாகும். குடிஅரசு இதழிலும் சுயமரியாதை மேடைகளிலும் இக்கருத்து தமிழில், பாமரர்க்கும் புரியும் நடையில் பேசப்பட்டது; பாரதிதாசன் இதனைக் கவிதையின் பொருளாகவும் ஆக்கினார். பேரையூரிலிருந்து எட்டிவிடும் தொலைவிலுள்ள விருதுநகரில் 1931-இல் மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடியது என்பதால், இவ்வட்டாரத்துக்கு அவ்வியக்கத்தின் குரல் அந்நியமாக இருந்திருக்க முடியாது. எதிர்ப்பக்கமும் வலுவாகவே இருந்தது. 1935 டிசம்பரில் வார்தாவில் தம்மைச் சந்தித்த அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கரிடம் காந்தி, புலனடக்கமே உரிய வழி என்று உறுதியாக நின்றார். தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும் செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. பெண்ணுரிமைக்கு உழைத்தவர்களிடையே இது பற்றி ஒருமித்த கருத்து ஒருபோதும் இருந்ததில்லை என்பதைப் பிற்கால ஆதரவாளர்கள் சில வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

தலைவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே சந்தை தன் வழியில் நடந்துகொண்டிருந்தது. 1930-களின் தமிழ், ஆங்கில இதழ்களில் கருத்தடைச் சாதனங்களும் மாத்திரைகளும் வெளிப்படையாக விளம்பரம் செய்யப்பட்டன, வி.பி.பி. எனப்படும், பொருளைப் பெறும்போது அஞ்சல்காரரிடம் பணம் செலுத்தும் முறை, சிற்றூரில் இருப்போரும் உள்ளூர்க் கடைக்காரரின் கண்ணில் படாமல் அவற்றைப் பெற வழி செய்தது. காலனிய அரசு தயங்கி ஒதுங்கியிருந்த நிலையில், தென்னிந்தியாவில் கருத்தடையை முதலில் மக்களிடம் கொண்டு சேர்த்தது மருத்துவமனையன்று, வணிகமே என்பது வரலாற்றாய்வில் இன்று நன்கு நிலைநாட்டப்பட்டுள்ளது. அண்டையிலிருந்த மைசூர் சமஸ்தானம் 1930-இல் அரசு மருத்துவமனைகளிலேயே கருத்தடை ஆலோசனையைத் தொடங்கியது தனிக்கதை.

விடுதலைக்குப் பின் இந்த நிலை தலைகீழாயிற்று. 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக ஏற்ற முதல் நாடுகளில் ஒன்றாக இந்தியா விளங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1954-இல், மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் நிறைவேறியது. போலி மருத்துவர்களையும் தாயத்து வணிகர்களையும் ஒடுக்குவதற்காக இயற்றப்பட்ட அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பெண்களின் கருவைக் கலைப்பதற்கோ கருத்தரிப்பைத் தடுப்பதற்கோ பயன்படும் என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்துவதைத் தடை செய்தது. கலைப்பும் தடுப்பும் ஒரே உட்பிரிவில், ஒரே மூச்சில் கூறப்பட்டிருப்பது கவனத்துக்குரியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டில் எழுந்த குழப்பத்தின் சட்ட வடிவம் அங்கேயே அமைந்துவிட்டது எனலாம். அரசு வெளியிடும் விளம்பரங்களுக்கு மட்டும் அதே சட்டம் விலக்களித்தது. இவ்வாறாக, வி.பி.பி. பொட்டலங்களின் காலம் முடிந்து, கருத்தடையைப் பற்றிப் பேசும் உரிமை ஏறத்தாழ அரசின் தனியுடைமையாயிற்று.

அந்த உரிமையைச் சென்னை மாநிலம் பிற மாநிலங்களைவிட ஊக்கத்தோடு கையாண்டது. 1951-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திப் பின்னர் மாநிலத்தின் தலைமைச் செயலாளராகப் பணியாற்றிய ஆர்.ஏ. கோபாலசாமி, அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்கு ரொக்க உதவி வழங்கும் முறையை 1950-களின் பிற்பகுதியில் புகுத்தினார். நாடெங்கும் பின்னாளில் பரவிய ஊக்கத்தொகை முறைக்கு இதுவே முன்னோடி. மதுரைச் சமவெளியைப் பொறுத்தவரை இதைவிடச் சுவையான நிகழ்வு காந்திகிராமத்தில் நடந்தது. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான சௌந்தரம், இளமையில் கணவனை இழந்து, தில்லியில் மருத்துவம் பயின்று, காந்தியின் இசைவோடு காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். அவ்விருவரும் 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அன்று மதுரை மாவட்டத்திலும் 1985-க்குப் பின் திண்டுக்கல் மாவட்டத்திலும் அடங்கிய ஆத்தூர் ஒன்றியத்தில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களிடையே, 1959-இல் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் அங்கிருந்து தொடங்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு 43 என்ற அளவில் இருந்த ஆண்டுப் பிறப்பு விகிதம் 1968-க்குள் 28 ஆகக் குறைந்தபோது, 'ஆத்தூர்ப் பரிசோதனை' உலக மக்கள்தொகையியலாளர்களின் கவனத்தை ஈர்த்தது; இடையில், 1964-இல், அத்திட்டத்தின் அடியொற்றிக் கிராம சுகாதாரம் மற்றும் குடும்பநலப் பயிற்சி நிறுவனமும் அங்கே உருவாயிற்று. செயற்கைக் கருத்தடையை இறுதிவரை ஏற்காத காந்தியின் பெயரைத் தாங்கிய ஊர், அவர் மறைந்து இருபதாண்டுகளுக்குள் குடும்பக் கட்டுப்பாட்டின் ஆய்வுக்களமானது. இதில் போலித்தனம் எதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பின் பிரசவமாக உருக்குலைந்த பெண்களை நேரில் கண்ட ஒரு மருத்துவர், தம் ஆசானின் கொள்கையைவிட அப்பெண்களின் உடல்நிலையைப் பெரிதாக மதித்தார் என்று கொள்வதே பொருத்தமாகும். பேரையூரை அடுத்த டி. கல்லுப்பட்டியிலும் 1940 முதல் காந்தி நிகேதன் ஆசிரமம் இயங்கி வந்தது என்பதும், காந்தியப் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார் என்பதும் இவ்வட்டாரத்தில் காந்தியம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும்.

ஆத்தூர் காட்டிய வழி மெதுவானது. வீடு வீடாகச் செல்வதும், உள்ளூர்ப் பெரியவர்களையும் மருத்துவச்சிகளையும் பயிற்றுவிப்பதும் அதன் உயிர்நாடி. அரசு இயந்திரம் விரும்பியதோ விரைவையும் இலக்கையும். குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற முழக்கமும் பேரையூர் போன்ற ஊர்களின் சுவர்களில் ஏறிய 1960-களின் இறுதியில், 1968-இல், 'நிரோத்' ஆணுறை மூன்று கொண்ட பொட்டலம் பதினைந்து காசுக்கு விற்பனைக்கு வந்தது. தேயிலை, சோப்பு, சிகரெட், டார்ச் பாட்டரி விற்ற பெரு நிறுவனங்களின் விநியோக வழியிலேயே அது பெட்டிக்கடை வரை சென்றது. மருந்துச் சீட்டென்ன, மருந்துக் கடைகூடத் தேவைப்படவில்லை. ஆண் பயன்படுத்தும் சாதனத்தைப் பீடிக்கட்டுக்கு அருகில் அடுக்கி வைப்பதில் அரசுக்கோ ஊருக்கோ பெரிய சங்கடம் தோன்றவில்லை என்பதைப் பின்னர் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது.

1970-களின் தொடக்கத்தில் ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சை முகாம்கள் திருவிழாக்களைப் போல நடத்தப்பட்டன. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63,000-க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை நடந்தது. நெருக்கடிநிலைக் காலத்தின் (1975-77) கட்டாயச் சிகிச்சைகள் வட இந்தியாவில் ஓர் ஆட்சியையே வீழ்த்திய பின்னர், ஆண்களை அணுக எந்த அரசும் துணியவில்லை. திட்டத்தின் முழுப் பாரமும் பெண்களின் உடலுக்கு மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1980-களின் இறுதியில் தலைமைச் செயலாளராக இருந்த டி.வி. ஆன்டனி இத்திட்டத்தில் காட்டிய முனைப்பு பெயர் பெற்றது. 1990-களின் தொடக்கத்திலேயே மாநிலத்தின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தம் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, மக்கள்தொகை மேலும் பெருகாமல் நிலைபெறுவதற்குரிய 2.1 என்ற அளவை நெருங்கியது. இதனை அடைந்த வழி ஒன்றே ஒன்று: இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு அரசு மருத்துவமனையில் செய்யப்படும் நிரந்தரக் கருத்தடை. 'ஆப்பரேஷன் பண்ணியாச்சா?' என்ற வினா மகப்பேற்று வாழ்த்தின் ஒரு பகுதியாகவே மாறிய இச்சமூகத்தில், 2019-21-ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படியும் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சார்ந்திருந்தது அந்த அறுவைச் சிகிச்சையைத்தான்.

இந்த அமைப்பின் அடிநிலையில் நின்றவர் கிராம சுகாதாரச் செவிலியர், ஊரார் மொழியில் 'நர்ஸம்மா'. அவர் கையில் இருந்த முதன்மையான ஆவணம் 'தகுதியுள்ள தம்பதியர்' பதிவேடு. அதில் மணமான, மகப்பேற்று வயதிலுள்ள பெண்கள் கணவர் பெயரோடும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடும் இடம்பெற்றனர். கன்னியரும் கைம்பெண்களும் கணவனைப் பிரிந்து வாழ்வோரும் அதில் இல்லை, ஏனெனில் அவர்களுக்குக் கருத்தடை தேவைப்படும் என்று ஏற்பதே அரசுக்கு இயலாத செயலாக இருந்தது. பதிவேட்டில் இருந்த பெண்ணுக்குங்கூட முடிவெடுக்கும் உரிமை முழுமையாக வாய்த்ததாகக் கூற முடியாது. பேரையூரை ஒட்டிய உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலை நிகழ்வதாக 1986-இல் தேசிய இதழொன்று வெளியிட்ட செய்தி நாட்டையே அதிரச் செய்து, 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தோன்றக் காரணமான சூழலை உருவாக்கியது. சிறு குடும்பம் என்ற நெறியை வற்புறுத்திய அரசு, அந்தச் சிறு குடும்பத்துக்குள் எத்தகைய பிள்ளை வேண்டும் என்ற தேர்வு எவ்வளவு கொடூரமாக நடக்கக்கூடும் என்பதை அப்போதுதான் பொதுவெளியில் எதிர்கொள்ள நேர்ந்தது.

இத்தகைய மண்ணில்தான் அவசரகாலக் கருத்தடை வந்து சேர்ந்தது. பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் வழக்கமான கருத்தடை மாத்திரைகளைச் சேர்த்து உயரளவில் உட்கொண்டால் கருத்தரிப்பைத் தவிர்க்கலாம் என்று கனடா நாட்டு மருத்துவர் ஆல்பர்ட் யுஸ்பே 1974-இல் நிறுவினார். ஆனால் அம்முறை கடும் குமட்டலையும் வாந்தியையும் விளைவித்தது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஒற்றை ஹார்மோன் அதைவிடப் பயனுள்ளது, தொல்லை குறைந்தது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வு 1998-இல் உறுதிப்படுத்தியது. முதல் 24 மணி நேரத்துக்குள் உட்கொண்டால் எதிர்பார்க்கப்படும் கருத்தரிப்புகளில் 95 விழுக்காட்டையும், இரண்டாம் நாளில் 85 விழுக்காட்டையும், மூன்றாம் நாளில் 58 விழுக்காட்டையும் அது தடுப்பதாக அவ்வாய்வு கணித்தது. அந்த ஹார்மோன் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது; ஏற்கெனவே பதிந்து வளரத் தொடங்கிய கருவை அதனால் கலைக்க முடியாது. கருவைக் கலைக்கும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் ஆகியவை முற்றிலும் வேறான மருந்துகள். அவை இந்தியாவில் மருத்துவரின் பொறுப்பிலேயே தரப்பட வேண்டியவை. இந்த வேறுபாடு மருத்துவ நூல்களில் எவ்வளவு தெளிவாக இருந்ததோ, மருந்துக் கடை மேசையில் அவ்வளவு மங்கலாக இருந்தது.

மருந்துச் சீட்டு பற்றிய விவாதத்தின் மையம், மாத்திரையின் பயன் நாளுக்கு நாள் குறையும் அந்த மணிக்கணக்குத்தான். இந்தியாவில் 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் எச் அட்டவணை என்று குறிக்கப்படும் பட்டியலில் உள்ளவற்றைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. 2000-களின் தொடக்கத்தில் அரசின் குடும்பநலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டபோது லெவோநார்ஜெஸ்ட்ரலும் சீட்டுடன்தான் கிடைத்தது. மருத்துவரைத் தேடிச் செல்வதிலேயே கெடு கடந்துவிடும் என்ற வாதத்தை ஏற்று, 2005 ஆகஸ்ட் இறுதியில் மத்திய அரசு அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. பிரான்ஸ் 1999-இலும் பிரிட்டன் 2001-இலும் இதே முடிவை எடுத்திருந்தன. அமெரிக்காவில், ஆலோசனைக் குழுவின் பரிந்துரையையும் மீறி உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முடிவைத் தள்ளிப்போட்டதைக் கண்டித்து, அதன் மகளிர் நலப் பிரிவின் தலைவர் சூசன் வுட் பதவி விலகியதும் அதே ஆகஸ்ட் இறுதியில்தான். அங்கே வயது வரம்பின்றி அது கடைகளுக்கு வர 2013 வரை ஆயிற்று. ஆக, ஏட்டளவில் பார்த்தால் இவ்விஷயத்தில் இந்தியா அமெரிக்காவை எட்டு ஆண்டுகள் முந்திக்கொண்டது.

ஏட்டளவில் என்ற சொல்லுக்கு இங்கே முழுப் பொருள் உண்டு. சீட்டுக் கட்டுப்பாடு நீங்கிய மறு மாதமே தமிழ்நாட்டில் வேறொரு புயல் வீசியது. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிய இதழ்க் கணக்கெடுப்பொன்றையொட்டிக் கருத்துக் கூறிய நடிகை குஷ்பு, அத்தகைய உறவில் ஈடுபடும் பெண்கள் கருத்தரிப்பிலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதற்காக, தமிழ்ப் பெண்களின் கற்பை இழிவுபடுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். துடைப்பங்களும் செருப்புகளும் ஏந்திய போராட்டங்கள் நடந்தன, மாநிலத்தின் பல நீதிமன்றங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் அவை அனைத்தையும் 2010 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது என்றாலும், இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளே மாத்திரையின் தலைவிதியை முடிவுசெய்த ஆண்டுகள். மணமாகாத பெண்ணின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதே குற்றமாகக் கருதப்பட்ட சூழலில், அந்தப் பாதுகாப்பை விலைக்கு விற்பதை எவர் துணிந்து ஆதரித்திருக்க முடியும்? பெரியார் எழுதி எழுபதாண்டுகள் கடந்த பின்னும், அவர் பெயரைச் சொல்லும் அரசியலில் ஊறிய மாநிலத்தில் இது நிகழ்ந்தது.

2007-இல் சிப்லா நிறுவனம் 'ஐ-பில்' என்ற பெயரில் ஒரே வேளை மாத்திரையைத் தொலைக்காட்சி விளம்பரங்களோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. மேன்கைண்ட் நிறுவனத்தின் 'அன்வான்டட்-72' அதனைத் தொடர்ந்தது. இளம் பெண்களை நோக்கிப் பேசிய அவ்விளம்பரங்கள் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறுகின்றன என்றும் ஒழுக்கத்தைக் குலைக்கின்றன என்றும் நாடெங்கும் குரல்கள் எழுந்தன. சில ஆண்டுகளுக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவ்விளம்பரங்களை நிறுத்தச் செய்தது. பிற மாநிலங்களில் விளம்பரம் போயிற்று, மாத்திரை நிலைத்தது. தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கெடுபிடியால் மாத்திரையும் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தது. 2010-களின் நடுப்பகுதியிலிருந்து செய்தியாளர்களும் பெண்ணுரிமை ஆர்வலர்களும் சென்னையின் கடைகளில் ஏறி இறங்கிக் கேட்டபோது, 'அது தமிழ்நாட்டில் தடை' என்பதே பெரும்பாலான கடைக்காரர்களின் விடையாக இருந்தது. அதிகாரிகளிடம் கேட்டபோதோ, தடை எதுவும் இல்லை என்ற விடை வந்தது. இரு தரப்பினரும் தத்தம் அளவில் உண்மையே பேசினர். தடையாணை என்று எதுவும் இல்லாவிட்டாலும், கருக்கலைப்பு மருந்துகளைப் பற்றிக் கணக்குக் கேட்டு மருந்து ஆய்வாளர் வந்து செல்லும் கடையில், அவற்றுக்கு இனமானது என்று கருதப்பட்ட எதையும் இருப்பில் வைக்காமல் இருப்பதே உரிமத்துக்குப் பாதுகாப்பு என்று வணிகர் முடிவு செய்ததில் வியப்பில்லை. மாதத்தில் நாலைந்து மாத்திரைகளின் இலாபத்துக்காக ஆய்வாளரின் கேள்விகளை வரவழைத்துக்கொள்ள எந்தக் கடைக்காரரும் விரும்பமாட்டார்.

சீட்டின்றி விற்கக் கூடாது என்போரின் வாதங்கள் அனைத்தையும் ஒழுக்கவாதம் என்று ஒதுக்கிவிடுவது முறையன்று. மாதம் பலமுறை இம்மாத்திரையை உட்கொள்வோருக்கு மாதவிலக்குச் சுழற்சி குலைவதையும், வழக்கமான கருத்தடை முறைகளைவிட இது குறைந்த பயனுடையது என்பதையும், பால்வினை நோய்களிலிருந்து இது எவ்விதப் பாதுகாப்பும் அளிக்காது என்பதையும் மகப்பேற்று மருத்துவர்கள் சுட்டிக்காட்டுவது சரியே. ஆனால் இக்குறைகளுக்கு மருந்து, விற்பவரும் வாங்குபவரும் பெறும் விளக்கமேயன்றிச் சீட்டு ஆகாது; மற்ற மருந்துகள் பலவற்றைச் சீட்டின்றி வாங்குவது அன்றாடமாகிவிட்ட நாட்டில், எழுபத்திரண்டு மணி நேரக் கெடு கொண்ட ஒன்றுக்கு மட்டும் சீட்டை வலியுறுத்துவதன் விளைவு பெண்ணின் பாதுகாப்பு அன்று, கெடு கடந்துபோதல்தான். பேரையூரின் நிலையில் இதை எண்ணிப் பார்க்கலாம். சாப்டூர்ப் பக்கத்து மலையடிவாரக் கிராமத்துப் பெண் சீட்டு வாங்க வேண்டுமானால், கூலி வேலையை விட்டுப் பேருந்தேறி, உறவினரும் தெரிந்தவர்களும் காத்திருக்கும் மருத்துவமனை வரிசையில் நின்று, வந்த காரணத்தைச் சொல்லியாக வேண்டும். வாரக் கடைசியாக இருந்தால் மேலும் ஒரு நாள் கழியும். மாமன் மச்சான் முறை சொல்லி அழைத்துக்கொள்ளும் ஊரில் கடைக்காரரிடம் கேட்பதே எளிதன்று. பெரும்பாலும் வேறு ஊரின் மெடிக்கல் ஷாப்பைத்தான் நாட நேரும். அந்தக் காலத்து வி.பி.பி. பொட்டலம் அளித்த மறைவு இன்று இணைய வணிகத்தின் மூலம் நகரத்தில் வாழ்வோருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள் மாலை வந்து சேரும் பொட்டலம் சிற்றூரில் பயன் தராது.

அரசின் வழியாக இம்மாத்திரை கிடைக்காமல் இல்லை. 2011-இல் தொடங்கிய வீட்டுவாசல் விநியோகத் திட்டத்தின்படி, பிற மாநிலங்களில் 'ஆஷா' எனப்படும் ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலர் இதனை இரண்டு ரூபாய்க்கு அளித்தார். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆஷாக்கள் இல்லாததால் பொறுப்பு மீண்டும் செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திடமுமே வந்தது, அச்செவிலியரிடம் இருந்ததோ தகுதியுள்ள தம்பதியரின் பதிவேடு. சட்டம் இதற்கிடையில் நெடுந்தொலைவு சென்றுவிட்டது. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் கருத்தடை தோல்வியுற்றதைக் கருக்கலைப்புக்கான காரணமாக மணமான பெண்ணுக்கும் அவர் கணவருக்கும் மட்டுமே ஏற்றிருந்தது. 2021-ஆம் ஆண்டின் திருத்தம் 'கணவர்' என்பதைத் 'துணைவர்' என்று மாற்றியது, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. கருக்கலைப்பில் மணமாகாதவரை ஏற்றுக்கொண்ட சட்டம், அந்த நிலைக்கு அவரைக் கொண்டு செல்லாமல் தடுக்கும் மாத்திரையில் அவரை மறுப்பதற்குத் தருக்கம் எதுவும் இல்லை. 2024-இல் கருத்தடை மருந்துகளை மீண்டும் சீட்டுக்குள் கொண்டுவர ஆலோசனை நடப்பதாகச் செய்திகள் பரவியபோது, விற்பனை விதிகளில் மாற்றம் எதுவும் இல்லை என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு விளக்கம் அளித்தது. அவ்விளக்கம் வட மாநிலங்களின் கடைக்காரருக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். இருப்பிலேயே வைக்காத தமிழ்நாட்டுக் கடைக்காரருக்கு அதனால் எவ்வித வேறுபாடும் ஏற்படவில்லை. இங்கே வர வேண்டியிருப்பது தில்லியின் விளக்கம் அன்று; இம்மாத்திரையை விற்கலாம், அதற்காக எவர் உரிமமும் பறிக்கப்படாது என்று ஒவ்வொரு மாவட்ட மருந்து ஆய்வாளருக்கும் கடைக்கும் மாநிலத் துறை எழுத்தில் அனுப்பும் ஒரு பக்கச் சுற்றறிக்கை.